லண்டன் – பாரிஸ்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் புதுச்சேரிக்காரன், இப்ப இருக்கறது லண்டன் ஈஸ்ட் ஹாம்ல, எங்க மாமா குடும்பம் பாரிஸ் பக்கத்துல வில்பாந்த்ல இருக்காங்க. எங்க தெருவுல பாதி வீட்டுக்கு இப்படி அந்தப் பக்கம் ஒரு அண்ணனோ சித்தியோ இருக்காங்க, அதனால கல்யாணம், சடங்கு, பாரிஸ் லா ஷப்பெல் பிள்ளையார் கோயில் தேர்னு வந்தா உடனே எனக்கு போன் வந்துடும். கேள்வி எல்லாம் ஒண்ணேதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போடறதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன், அவங்க கேட்ட மாதிரியே கேள்வியையும் போட்டிருக்கேன்.

லண்டன்ல இருந்து பாரிஸ் எவ்வளவு தூரம்? ஒரு இடத்துல 344 போட்டிருக்கு, இன்னொரு இடத்துல 460, இன்னொண்ணுல 492. எதை நம்பறது?

மூணுமே சரிதான், ஒவ்வொண்ணும் வேற வேற தூரம். 344 கி.மீ.ங்கறது காக்கா பறக்கற தூரம், அதாவது ரெண்டு ஊருக்கும் நடுவுல நேர்கோடு போட்டா வர்றது. நம்ம ஊர்க் கணக்குல சொல்லணும்னா சென்னைல இருந்து நேர்கோட்டுல திருச்சியத் தாண்டி, மதுரை வர்றதுக்கு முன்னாடி. கார்ல ரோடு வழியா போனா கிட்டத்தட்ட 460, எந்த வழி எடுக்கறோம்ங்கறதப் பொறுத்து கொஞ்சம் கூடக் குறைய வரும். 492 ரயில் தண்டவாளத்தோட நீளம், கடலுக்கு அடியில போற சுரங்கத்தையும் சேர்த்து.

ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட்டுன்னா ஹீத்ரோல இருந்து ஷார்ல் து கோல் வரைக்கும் 348 கி.மீ., விமானக்காரங்க கணக்குல 188 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., சாதாரண மைல் இல்ல, அதை மாத்திப் போட்டுத்தான் சில பேருக்கு கணக்கு இடிக்குது.

ஃப்ளைட்ல போனா எவ்வளவு நேரம் ஆகும்?

டிக்கெட்ல 1 மணி 15 நிமிஷத்துல இருந்து 1 மணி 25 நிமிஷம் வரைக்கும் போட்டிருப்பாங்க. அதுல வானத்துல இருக்கறது 45, 50 நிமிஷம்தான் இருக்கும். மேல ஏறி, ஒரு காபி குடுத்து, கப்பை வாங்கிட்டுப் போறதுக்குள்ள இறங்க ஆரம்பிச்சிடும்.

டிக்கெட்ல போகும்போது 10 மணிக்கு கிளம்பி 12.20க்கு போய்ச் சேருதுன்னு இருக்கு, திரும்பி வரும்போது 1 மணிக்கு கிளம்பி 1.20க்கே வந்துடுதுன்னு இருக்கு. தப்பா அடிச்சிட்டாங்களா?

தப்பு இல்ல. டிக்கெட்ல எப்பவுமே அந்தந்த ஊர் மணியத்தான் போடுவாங்க. பாரிஸ் லண்டனை விட 1 மணி நேரம் முன்னாடி. அதனால போகும்போது ஒரு மணி நேரம் கூடத் தெரியும், வரும்போது ஒரு மணி நேரம் குறைவாத் தெரியும், ரெண்டு தடவையும் நிஜமா ஆனது 1 மணி 20 நிமிஷம்தான்.

எங்க அம்மாவை முதல் தடவை ட்ரெயின்ல கூட்டிட்டுப் போனப்ப பாரிஸ்ல கார் து நோர் (Gare du Nord) ஸ்டேஷன்ல இறங்கினதும் அங்க இருந்த கடிகாரத்தைப் பாத்துட்டு, கைல இருந்த வாட்சையும் பாத்துட்டு, ஏண்டா ஒரு மணி நேரம் லேட்டா வந்திருக்கோம் ஒருத்தரும் சொல்லவே இல்லன்னாங்க. போன் தானா மாறிக்கும், கைக்கடிகாரம் மாறாது, பெரியவங்களோட போனா ட்ரெயின்லயே வாட்சைத் திருப்பி வச்சிக் குடுத்துடுங்க.

மேப்ல பாத்தா பாரிஸ் லண்டனுக்கு கிட்டத்தட்ட நேர் கீழ இருக்கு, அப்புறம் எப்படி ஒரு மணி நேர வித்தியாசம்?

நல்ல கேள்வி, உண்மையிலயே இருக்கக் கூடாதுதான். உலகத்துக்கே மணி கணக்கு போடற கிரீனிச் கோடு கிழக்கு லண்டன் வழியா போகுது, அதே கோடு அப்படியே இறங்கி பிரான்ஸ் வழியாவும் போய் ஸ்பெயினுக்குப் போகுது. பாரிஸ் அந்தக் கோட்டுல இருந்து வெறும் 2 டிகிரி சொச்சம் கிழக்கால, சூரியக் கணக்குப்படி பாத்தா 10 நிமிஷம் கூட வராது. 1940ல ஜெர்மனி பாரிஸைப் பிடிச்சப்ப பெர்லின் நேரத்தைக் கொண்டு வந்தாங்க, போர் முடிஞ்ச பிறகும் பிரான்ஸ் அந்த நேரத்துலயே இருந்துடுச்சு.

கோடைக்காலத்துல மாறுமான்னும் கேப்பாங்க. மாறாது. ரெண்டு ஊர்லயும் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் ஒரே நேரத்துலதான் கடிகாரத்தை மாத்தறாங்க, அதனால வருஷம் பூரா 1 மணி நேரம்தான். ஊருக்கு போன் பண்றவங்களுக்கு: நம்ம ஊர் மணி லண்டனை விட குளிர்காலத்துல 5.30, கோடையில 4.30 மணி நேரம் முன்னாடி, பாரிஸை விட 4.30, 3.30. இலங்கைக்கும் இதே கணக்குதான்.

விமானம் மணிக்கு 800 கி.மீ. போகும்ங்கறாங்க, 350 கி.மீ.க்கு அரை மணி நேரம்கூட வரலையே, எதுக்கு 1 மணி 20 நிமிஷம்?

டிக்கெட்ல போடற நேரம் கேட்டை விட்டு நகர்ந்ததுல இருந்து அந்தப் பக்கம் கேட்டுல வந்து நிக்கறது வரைக்கும். ஹீத்ரோல ரெண்டே ரன்வே, அதுல முடிஞ்ச அளவுக்கு முழுசா ஓட்டறாங்க, அதனால கிளம்பறதுக்கு வரிசையில நிக்கணும். ஷார்ல் து கோல்ல நாலு ரன்வே இருக்கு ஆனா இடம் ரொம்பப் பெருசு, இறங்கின பிறகு கேட்டுக்குப் போறதுக்கே 10, 15 நிமிஷம் பஸ் மாதிரி உருண்டுக்கிட்டு இருக்கும். இதெல்லாம் சேர்த்து, தாமதம் வந்தாலும் சமாளிக்கறதுக்கு கொஞ்சம் கூடுதலாவும் வச்சித்தான் அட்டவணை போடறாங்க. 348 கி.மீ.யை 1 மணி 20 நிமிஷத்தால வகுத்துப் பாருங்க, மணிக்கு 261 கி.மீ.தான் வருது.

இன்னொண்ணு, அந்த 800 வேகத்தைப் பிடிச்சு அப்படியே போறதுக்கு இந்த ரூட்ல தூரமே இல்ல. ஏறறதும் இறங்கறதும்தான் பயணமே.

நேர்கோட்டுலதான போகும்? கடல் மேல ட்ராஃபிக்கா இருக்கப் போகுது?

நேர்கோட்டுல போறதே இல்ல. வானத்துலயும் குறிச்சு வச்ச பாதை இருக்கு, அதுல வளைஞ்சு வளைஞ்சுதான் போகணும். பாரிஸ்ல பெரும்பாலும் மேற்குல இருந்து காத்து அடிக்கும், விமானம் எதிர்க்காத்துலதான் இறங்கும், அதனால வடமேற்குல இருந்து வர்ற நம்ம ஃப்ளைட் ஏர்போர்ட்டைத் தாண்டி கிழக்கால போய் ஒரு சுத்து சுத்தி மேற்கு பாத்து இறங்கும். ஜன்னல் வழியா ஏர்போர்ட்டைப் பாத்துட்டு வந்துட்டோம்னு பையை எடுத்துடாதீங்க.

திரும்பி வரும்போது லண்டனுக்குத் தெற்குல பிகின் ஹில் பக்கத்துல வட்டம் போட வைப்பாங்க, ஹீத்ரோல இடம் கிடைக்கற வரைக்கும் அங்கயே சுத்தும். காலையில பிஸியான நேரத்துல இது சகஜம், பயப்பட ஒண்ணும் இல்ல. காத்தால வர்ற வித்தியாசம் இந்தச் சின்ன ரூட்ல சில நிமிஷம்தான், நியூயார்க் மாதிரி தூர ஊருக்குத்தான் அது பெரிய விஷயம்.

ட்ரெயின்ல எவ்வளவு நேரம்? சுரங்கத்துல எவ்வளவு நேரம் இருப்போம்? எனக்கு இருட்டுன்னா பயம்.

யூரோஸ்டார் லண்டன் செயின்ட் பேங்கிரஸ்ல கிளம்பி பாரிஸ் கார் து நோருக்கு, வேகமான வண்டின்னா 2 மணி 16 நிமிஷம். தரைமேல 300 கி.மீ. வேகம் வரைக்கும் போகும், சுரங்கத்துக்குள்ள 160தான். சுரங்கம் 50 கி.மீ. சொச்சம், அதுல கடலுக்கு அடியில 38 கி.மீ. போல, மொத்தமே 20 நிமிஷம். உள்ள நுழையும்போது காது லேசா அடைக்கும், ஜன்னல்ல நம்ம முகமே தெரியும், அவ்வளவுதான், வண்டிக்குள்ள வெளிச்சம் நல்லாவே இருக்கும். வெளிய வந்தா ரோட்டுல கார் எல்லாம் வலது பக்கம் ஓடிக்கிட்டு இருக்கும், சரி பிரான்ஸ் வந்துட்டோம்னு தெரிஞ்சிடும்.

பழைய ஆளுங்க 3 மணி நேரம்ம்பாங்க, அதுவும் உண்மைதான். 1994ல ஆரம்பிச்சப்ப லண்டன்ல வாட்டர்லூ ஸ்டேஷன்ல இருந்து கிளம்பும், இங்கிலாந்து பக்கம் பழைய தண்டவாளத்துல மெதுவாத்தான் போகும். 2007 நவம்பர் 14ல புது லைன் முடிஞ்சு செயின்ட் பேங்கிரஸுக்கு மாறின பிறகுதான் இந்த நேரம். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு: 1919 ஆகஸ்ட் 25ல லண்டன் ஹவுன்ஸ்லோவுல இருந்து பாரிஸ் லு புர்ஜேக்கு தினசரி விமானம் ஆரம்பிச்சாங்க, அது போய்ச் சேர ரெண்டரை மணி நேரம். அப்ப விமானத்துக்கு ஆன நேரத்தை விட இப்ப ட்ரெயினுக்கு ஆகற நேரம் குறைவு.

சரி, ஃப்ளைட் 1.20, ட்ரெயின் 2.16. அப்ப ஃப்ளைட்தான சீக்கிரம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன். டிக்கெட்ல இருக்கற நேரத்தைப் பாக்காதீங்க, உங்க வீட்டு வாசல்ல இருந்து அவங்க வீட்டு வாசல் வரைக்கும் எண்ணுங்க. நான் ரெண்டு விதமாவும் போயிருக்கேன், ஈஸ்ட் ஹாம்ல இருந்து லா ஷப்பெல்லுக்கு என் கணக்கு இது.

ட்ரெயின்: காலையில 6 மணிக்கு வீட்டை விட்டா ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன் ஒரே வண்டி, மாறாம 6.40க்கு கிங்ஸ் கிராஸ் செயின்ட் பேங்கிரஸ். 8 மணி வண்டி, 2 மணி 20 நிமிஷம்னு வச்சிக்கங்க, பாரிஸ் மணி 11.20க்கு கார் து நோர். அங்க இறங்கினதும் யாரும் நிறுத்த மாட்டாங்க, ஏன்னா பிரெஞ்சு போலீஸ் பாஸ்போர்ட் பாக்கறது லண்டன் ஸ்டேஷன்லயே முடிஞ்சிடும். பையை உருட்டிக்கிட்டு நடந்தா 11.40க்கு லா ஷப்பெல் கடையில தோசைக்கு உக்காந்துடலாம். மொத்தம் 4 மணி 40 நிமிஷம்.

ஃப்ளைட்: 10 மணி ஃப்ளைட்டுக்கு 8 மணிக்கு ஹீத்ரோல இருக்கணும்னா வீட்டை விடறது 6.40, வைட்சேப்பல்ல எலிசபெத் லைன் மாறணும். பாரிஸ் மணி 12.20க்கு கேட்டு. இறங்கி நடந்து, இமிக்ரேஷன் வரிசை, பெல்ட்ல பெட்டி, வெளிய வர 1.20. அப்புறம் ஆர்இஆர் பி ட்ரெயின் டிக்கெட் எடுக்கற வரிசை, 2.05க்கு கார் து நோர், 2.15க்கு லா ஷப்பெல். ஒரு மணி நேர வித்தியாசத்தைக் கழிச்சா 6 மணி 35 நிமிஷம். ட்ரெயினை விட கிட்டத்தட்ட 2 மணி நேரம் கூட.

அப்ப ஃப்ளைட்ல போகவே கூடாதா?

அப்படி இல்ல. நீங்க ஹவுன்ஸ்லோ, ஹேய்ஸ், சவுத்தால் பக்கம் இருக்கீங்க, போக வேண்டிய வீடு எங்க மாமா வீடு மாதிரி வில்பாந்த், ஒல்னே பக்கம்னா ரெண்டு பக்கமும் ஏர்போர்ட் பக்கத்துலயே இருக்கு, அப்ப ஃப்ளைட் ஜெயிக்கும். மேல சொன்ன மாதிரி வாசல் கணக்கைப் போட்டுப் பாருங்க, உங்க வீட்டுக்கு என்ன வருதோ அதுதான் சரி. விலையும் பாருங்க, கடைசி நேரத்துல யூரோஸ்டார் டிக்கெட் ரொம்ப ஏறிடும். தேர் சமயத்துலன்னா ரெண்டு மூணு மாசம் முன்னாடியே எடுத்துடுங்க.

பாரிஸ்ல எந்த ஏர்போர்ட் நல்லது?

ஷார்ல் து கோல் வடகிழக்கால 25 கி.மீ., ஆர்இஆர் பி நேரா கார் து நோர் வரும், 13, 14 யூரோ ஆகும். ஓர்லி தெற்கால 13 கி.மீ. போல, 2024ல இருந்து மெட்ரோ 14 அங்க வரைக்கும் போகுது, தெற்குல இருக்கறவங்களுக்கு அருமை. போவே (Beauvais) அப்படின்னு ஒரு ஏர்போர்ட் இருக்கு, டிக்கெட்ல ‘பாரிஸ் போவே’ அப்படின்னு போடுவாங்க, அது பாரிஸே இல்ல, 85 கி.மீ. வடக்கால. வேற ஊர்ல இருந்து விலை குறைஞ்ச ஃப்ளைட்ல பாரிஸ் வர்ற சொந்தக்காரங்களுக்கு இதைச் சொல்லி வைங்க, அங்க இருந்து பஸ்ஸே 1 மணி 15 நிமிஷம்.

கார்ல போகலாமா? குடும்பமா 5 பேர்.

5 பேர்னா கார்தான் மலிவு. லண்டன்ல இருந்து ஃபோக்ஸ்டன் வரைக்கும் ஓட்டிட்டு, காரோடயே ட்ரெயின்ல ஏறி 35 நிமிஷத்துல கலே, அங்க இருந்து பாரிஸ் 290 கி.மீ. போல. டோவர்ல இருந்து கப்பல்னா ஒன்றரை மணி நேரம். எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம் எதிர்பாருங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம்னா அதுக்கு மேலயும் ஆகும். டோல் காசு தனி. விக்டோரியால இருந்து பஸ்ஸும் இருக்கு, 8, 9 மணி நேரம், வயசானவங்களை ஏத்தி விடாதீங்க.

நான் இங்க நிரந்தரமா தங்கற அனுமதி (ஐஎல்ஆர்) வாங்கிட்டேன், ஆனா இந்தியன் பாஸ்போர்ட்தான். பாரிஸுக்கு விசா வேணுமா?

வேணும். லண்டன்ல ஐஎல்ஆர் இருந்தாலும் பாஸ்போர்ட் இந்தியாவோ இலங்கையோன்னா ஷெங்கன் விசா எடுத்தே ஆகணும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்னா விசா வேணாம், எந்த 180 நாள்லயும் 90 நாள் வரைக்கும் இருக்கலாம். ஆனா பாஸ்போர்ட் குடுத்து 10 வருஷத்துக்கு உள்ள இருக்கணும், திரும்பி வர்ற தேதிக்கு மேல 3 மாசம் செல்லுபடி ஆகணும். இதைப் பாக்காம கிளம்பின ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும், மூணு பேர் பாரிஸ் போயிட்டாங்க, அப்பா மட்டும் கேட்டுல இருந்து வீட்டுக்குத் திரும்பி வந்துட்டார்.

தம்பி, நான் பிரெஞ்சு பாஸ்போட் வச்சிருக்கிறன். லண்டனுக்கு கலியாணவீட்டுக்கு வர விசா வேணுமோ? ஐடி காட்டோட வரலாமோ?

விசா வேணாம் அக்கா, ஆனா 2025 ஏப்ரல் 2ல இருந்து ஈடிஏன்னு ஒரு அனுமதி போன்லயே எடுக்கணும், சின்னப் பிள்ளைகளுக்கும் தனித்தனியா எடுக்கணும். ஐடி கார்டு மட்டும் வச்சிக்கிட்டு வர முடியாது, அது 2021 அக்டோபர் 1ல இருந்து செல்லாது, பாஸ்போர்ட்தான் வேணும். பிரெஞ்சு வதிவிட அட்டை மட்டும் இருக்கு, பாஸ்போர்ட் இலங்கைன்னா ஈடிஏ போதாது, பிரிட்டிஷ் விசா எடுக்கணும்.

எவ்வளவு நேரம் முன்னாடி போகணும்? கைரேகை எல்லாம் எடுக்கறாங்களாமே?

யூரோஸ்டார்ல கிளம்பறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே கேட்டை மூடிடுவாங்க, அதனால 75ல இருந்து 90 நிமிஷம் முன்னாடி இருங்க. 2025 அக்டோபர் 12ல இருந்து ஐரோப்பால ஈஇஎஸ்னு ஒரு முறை கொண்டு வந்திருக்காங்க, ஐரோப்பியக் குடியுரிமை இல்லாதவங்க முதல் தடவை போகும்போது முகத்தைப் படம் எடுத்து கைரேகையும் எடுப்பாங்க. ட்ரெயின்னா இது லண்டன் ஸ்டேஷன்லயே நடக்கும், ஃப்ளைட்னா பாரிஸ்ல இறங்கின பிறகு. நான் மேல இமிக்ரேஷனுக்குப் போட்ட நேரம் வரிசை நீளமா இருந்தா இன்னும் கூடும். திரும்பி வரும்போதும் இப்படித்தான், பிரிட்டிஷ் அதிகாரிங்க கார் து நோர்லயே பாத்துடுவாங்க.

பெட்டி எத்தனை? அம்மா நெய்யும் பால்கோவாவும் குடுத்து விட்டிருக்காங்க.

யூரோஸ்டார்ல ரெண்டு பெரிய பெட்டி, ஒரு கைப்பை, எடை போட மாட்டாங்க ஆனா நீங்களே தூக்கி வைக்கணும். ஃப்ளைட் மாதிரி 100 மில்லி கட்டுப்பாடு கிடையாது, ரசத்தைக்கூட பாட்டில்ல கொண்டு போகலாம். ஆனா பால், நெய், கறி சம்பந்தப்பட்டது பிரிட்டன்ல இருந்து பிரான்ஸுக்குக் கொண்டு போகக் கூடாது, 2025 ஏப்ரல்ல இருந்து அங்க இருந்து இங்க கொண்டு வரவும் கூடாது. அம்மா கையால செஞ்சதை குப்பையில போட வைக்கும்போது மனசு கஷ்டமா இருக்கும், அதனால முறுக்கு, அதிரசத்தோட நிறுத்திக்கங்க, அதையும் எண்ணெய்ல சுட்டதா பாத்துக் குடுக்கச் சொல்லுங்க.

பிரான்ஸ்ல சின்ன தூரத்துக்கு ஃப்ளைட் தடை பண்ணிட்டாங்களாமே, அப்ப இந்த ரூட்?

2023ல வந்த அந்தத் தடை பிரான்ஸுக்குள்ள மட்டும், அதுவும் ரெண்டரை மணி நேரத்துக்குள்ள ட்ரெயின்ல போக முடிஞ்ச ஊருக்கு மட்டும், உதாரணத்துக்கு ஓர்லி – லியோன். வெளிநாட்டு ரூட்டுக்கு இல்ல. லண்டன் – பாரிஸ் ஃப்ளைட்ல பாதிப் பேர் அங்க மாறி வேற நாட்டுக்குப் போறவங்க மாதிரிதான் எனக்குத் தோணும், பக்கத்து சீட்டுல கேட்டா லாகோஸ்ம்பாங்க, மான்ட்ரியல்ம்பாங்க.

சென்னைல இருந்து பாரிஸுக்கு ஒரு டிக்கெட், பாரிஸ்ல இருந்து லண்டனுக்கு தனியா ஒரு டிக்கெட் எடுத்தா மலிவா வருது. எடுக்கலாமா?

யோசிச்சு எடுங்க. தனித்தனி டிக்கெட்னா பெரும்பாலும் பாரிஸ்ல பெட்டிய நீங்களே எடுத்து மறுபடி குடுக்கணும், அதுக்கு பிரான்ஸுக்குள்ள நுழையணும், அப்ப லண்டன் விசாவோட ஷெங்கன் விசாவும் வேணும். முதல் ஃப்ளைட் லேட் ஆகி ரெண்டாவதை விட்டா யாரும் பொறுப்பு எடுத்துக்க மாட்டாங்க, புது டிக்கெட் உங்க காசு. முதல் தடவை வர்ற அப்பா அம்மாவுக்கு இப்படி எடுக்கவே எடுக்காதீங்க, ஒரே டிக்கெட்டா எடுங்க, நாலாயிரம் அஞ்சாயிரம் ரூபாய் கூட ஆனாலும் பரவால்ல.

லேட் ஆச்சுன்னா காசு திரும்ப வருமா?

ஃப்ளைட் 3 மணி நேரத்துக்கு மேல லேட்டா போய்ச் சேர்ந்து, தப்பு விமானக் கம்பெனியோடதா இருந்தா, இந்தத் தூரத்துக்கு ஆளுக்கு 250 யூரோ, பிரிட்டன் சட்டப்படின்னா 220 பவுண்டு. புயல், மூடுபனின்னா கிடையாது. யூரோஸ்டார்ல ஒரு மணி நேரத்துக்கு மேல லேட்னா ஒரு பங்கு திரும்ப வரும். கேட்டாத்தான் வரும், அதனால போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

காலையில போய் தேர் பாத்துட்டு ராத்திரியே திரும்பிட முடியுமா?

முடியும், நான் போன வருஷம் அப்படித்தான் போனேன். விடியக்காலை முதல் வண்டியைப் பிடிங்க, முதல் ட்யூபுக்காக காத்திருந்தா விட்டுடுவீங்க, ராத்திரி பஸ்ஸைப் பாத்து வைங்க. தேர் அன்னிக்கு ஃபோபூர் சான் தெனி தெருவே நிறைஞ்சிடும், ரோடு பூரா தேங்காய் உடைச்சு தண்ணி ஓடும், பெட்டி உருட்டிக்கிட்டுப் போகவே முடியாது, அதனால முதுகுப்பை மட்டும். வழுக்காத செருப்பு போட்டுக்கங்க. சாயங்காலம் வண்டிக்கு 2 மணி நேரம் முன்னாடியே கூட்டத்தை விட்டு வெளிய வந்துடுங்க, ஸ்டேஷன் பக்கம்தான்னாலும் அன்னிக்கு அந்தப் பத்து நிமிஷ நடைக்கு எனக்கு 40 நிமிஷம் ஆச்சு.